தவணையா? ரொக்கமா?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – கணிதம்)

ஒரு பொருளை வாங்குமுன் அதன் விலையைக் கேட்பது உலக வழக்கம். அந்த விலையை எப்படிக் கொடுக்கப் போகிறோம், அந்தப் பொருள் எத்தனை நாள் நமக்கு உழைக்கும் என்பவை அதற்கடுத்து எழ வேண்டிய கேள்விகள். தறி வாங்குகிறவர் இந்த மூன்றையும் கேட்கிறார். மாடு வாங்குகிறவர் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார். ஆனால் மாணவர் எல்லோர் கையிலும் இருக்கும் கைப்பேசியை வாங்கும்போது மட்டும் நம்மில் பலர் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதோடு நின்றுவிடுகிறோம். மற்ற இரண்டு கேள்விகளுக்கும் கடைக்காரரே நமக்காக விடை சொல்லி, கையெழுத்தும் வாங்கிக்கொள்கிறார். ஓர் ஆண்டுக் காலம் இந்தக் கேள்விகளோடு மல்லுக்கட்டியவள் என்ற முறையில், நான் தெரிந்துகொண்டவற்றை என் கல்லூரித் தோழர் தோழியரோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எங்கள் ஊர் விசைத்தறிக்குப் பேர்போன குமாரபாளையம். அப்பா தறி ஓட்டுகிறார். அம்மா வீட்டிலிருந்தபடியே தார் சுற்றுகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். நான் முதலாண்டில் சேர்ந்தபோது வீட்டில் இருந்த கைப்பேசி ஒன்றே ஒன்று, அது அம்மாவுடையது. வகுப்புக் குழுவில் வரும் செய்தி, தேர்வுக் கட்டணம், உதவித்தொகைக்கு வரும் ரகசிய எண், அம்மாவின் மகளிர் குழுச் சேமிப்பு எல்லாம் அந்த ஒரு கைப்பேசியில்தான் நடந்தன. பகலில் அது அம்மாவிடம்; மாலையில் என்னிடம்.

முதலாண்டின் நடுவில் ஒருநாள் வங்கியின் செயலி திறக்க மறுத்துவிட்டது. இந்தக் கைப்பேசியில் உள்ள ஆண்ட்ராய்டு மிகப் பழையது, இனி இதில் செயலி இயங்காது என்று ஒரு செய்தி திரையில் வந்தது. கைப்பேசியின் மேல் ஒரு கீறல் கூட இல்லை. பேட்டரி ஒரு நாள் முழுக்க நிற்கிறது. பேச முடிகிறது, படம் பார்க்க முடிகிறது. ஆனாலும் வங்கியைப் பொறுத்தவரை அது செல்லாக்காசு! "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?" என்று அம்மா கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேடியபோதுதான் கைப்பேசியின் ஆயுள் எங்கே இருக்கிறது என்பது எனக்கு விளங்கியது.

கணினி அறிவியல் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் கேட்டேன். அவர் அந்தக் கைப்பேசியின் அமைப்புகள் பகுதிக்குள் சென்று, 'பாதுகாப்புப் புதுப்பிப்பு' என்ற இடத்தில் இருந்த தேதியைக் காட்டினார். அது மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய தேதி. "மென்பொருள் மனிதர் எழுதுவது. அதில் ஓட்டை இருக்கத்தான் செய்யும். ஓட்டை கண்ணில் படப்பட அடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்தக் கைப்பேசிக்கு மூன்று ஆண்டாக யாரும் ஓட்டை அடைக்கவில்லை" என்றார்.

அடைப்பதால் என்ன பயன்? அதற்கு அவர் சொன்ன சான்று 2017-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அவ்வாண்டு மார்ச் மாதம் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டைக்கு அடைப்பு வெளியிட்டது. மே 12-ஆம் தேதி 'வான்னாக்ரை' என்ற தீய மென்பொருள் அதே ஓட்டை வழியாகப் புகுந்து பல நாடுகளின் கணினிகளைப் பூட்டி, திறக்கப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் பல மருத்துவமனைகளின் வேலை நின்றுபோனது. மார்ச் மாத அடைப்பை ஏற்றிக்கொண்டிருந்த கணினிகள் அந்த ஓட்டையால் பாதிக்கப்படவில்லை. இரண்டு மாத இடைவெளியில் தப்பியவர் தப்பினர், சிக்கியவர் சிக்கினர்.

ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கு 2015 ஆகஸ்டு முதல் கூகிள் நிறுவனம் மாதந்தோறும் இத்தகைய அடைப்புகளை வெளியிட்டு வருகிறது. ஆனால் கூகிள் வெளியிட்டவுடன் அது நம் கைக்கு வந்துவிடுவதில்லை. வாய்க்காலில் விட்ட நீர் கடைமடைக்கு வருவதுபோல, கைப்பேசிக்குள் இருக்கும் சில்லைச் செய்தவர், கைப்பேசியைச் செய்தவர் என்று பல மடைகளைத் தாண்டி வர வேண்டும். ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனியாகச் சோதித்து அனுப்ப வேண்டியிருப்பதால் செய்தவருக்கு அது செலவு. எனவே ஒரு காலத்துக்குப் பிறகு மடையை அடைத்துவிடுகிறார்கள். ஆப்பிள் நிறுவனம் கருவி, இயங்குதளம் இரண்டையும் தானே செய்வதால் அங்கே மடைகள் குறைவு. 2013-இல் வெளிவந்த ஐபோன் 5எஸ்-க்கு 2023 ஜனவரியில் கூட ஒரு பாதுகாப்பு அடைப்பு வந்தது என்றால் பாருங்கள்!

இப்போது ஆண்ட்ராய்டு பக்கத்திலும் நிலைமை மாறி வருகிறது. 2023 அக்டோபரில் வெளியான கூகிள் பிக்சல் 8-க்கும், 2024 ஜனவரியில் வெளியான சாம்சங் கேலக்சி எஸ்24-க்கும் 7 ஆண்டுகள் என்று உறுதி சொன்னார்கள். அவை நம் போன்றோர் விலை கேட்கவும் அஞ்சும் கைப்பேசிகள். ஆனால் 2024 அக்டோபரில் வந்த கேலக்சி ஏ16 5ஜி நடுத்தர விலையுடையது. அதற்கும் 6 ஆண்டுகள் என்று அறிவித்தார்கள். சட்டங்களும் வந்துள்ளன. இங்கிலாந்தில் 2024 ஏப்ரல் 29 முதல், பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்த நாள் வரை வரும் என்பதை விற்கும்போதே சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதியின்படி, ஒரு மாடலின் விற்பனை நின்ற நாளிலிருந்து குறைந்தது 5 ஆண்டுகளுக்குப் புதுப்பிப்பு கிடைக்க வேண்டும். நான் எங்கள் ஊர்க் கடைகளில் பார்த்த எந்தப் பெட்டியின் மேலும் அந்தத் தேதி அச்சிடப்பட்டிருக்கவில்லை. நிறுவனத்தின் இணையதளத்தில் தேடித்தான் கண்டுபிடித்தேன்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். 6 ஆண்டுகள் என்பது பெரும்பாலும் அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படுவது. நாம் வாங்கிய நாளிலிருந்து அன்று. வெளிவந்து இரண்டு ஆண்டுகள் ஆன கைப்பேசியைத் தள்ளுபடியில் வாங்கினால், ஆயுளிலும் இரண்டு ஆண்டுகள் தள்ளுபடியாகிவிடும்!

கணிதம் படிப்பவள் கணக்குப் போடாமல் இருக்க முடியுமா? நான் இரண்டு கைப்பேசிகளை எடுத்துக்கொண்டேன். ஒன்றின் விலை 9,000 ரூபாய். 3 ஆண்டுகள் உறுதி. வெளிவந்து ஓர் ஆண்டு ஆகிவிட்டது. மீதி 2 ஆண்டுகள். ஆகவே ஆண்டுக்கு 4,500 ரூபாய். மற்றொன்றின் விலை 15,000 ரூபாய். 6 ஆண்டுகள் உறுதி. வெளிவந்து நான்கு மாதங்கள். மீதி 5 ஆண்டு 8 மாதங்கள். ஆகவே ஆண்டுக்கு ஏறத்தாழ 2,650 ரூபாய். விலை கூடியது ஆண்டுக் கணக்கில் மலிவாகவும், மலிவானது விலை கூடியதாகவும் மாறி நின்றன. ஏழைக்கு மலிவுப் பொருளே கட்டும் என்று சொல்வார்கள். மலிவுப் பொருளை அடிக்கடி வாங்க நேர்வதே ஏழ்மை நீடிக்க ஒரு காரணம் என்று இந்தக் கணக்கு எனக்குச் சொல்லியது.

சரி, 15,000 ரூபாய்க்கு எங்கே போவது? இங்கேதான் தவணை வந்து நிற்கிறது.

கடையில் சொன்ன ஏற்பாடு இது: 5,000 ரூபாய் முன்பணம்; மீதி 10,000 ரூபாயை மாதம் 1,000 வீதம் பத்து மாதங்களில் கட்டலாம்; வட்டி இல்லை. கேட்பதற்கு இனிமையாகத்தான் இருந்தது. அதிலும் அந்த 1,000 என்ற எண் என்னைக் குறிவைத்துச் சொன்னதுபோல் இருந்தது. 2022-இல் தொடங்கப்பட்ட புதுமைப் பெண் திட்டத்தின்கீழ், அரசுப் பள்ளியில் படித்து வந்த எனக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. "அந்தப் பணத்தை அப்படியே இதுல திருப்பி விட்டுடுங்க, வீட்டுக்குச் சுமையே இல்லைங்க" என்றார் விற்பனையாளர். அவர் சொன்னதில் பொய் இல்லை. அதனால்தான் முடிவெடுப்பது கடினமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து தாளும் பேனாவும் எடுத்தேன். பரிசீலனைக் கட்டணம் 500. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 90; ஆக 590 ரூபாய். ரொக்கமாகக் கொடுத்தால் 500 ரூபாய் குறைப்பதாக அதே கடையில் சொன்னார்கள். தவணையில் வாங்கினால் அந்தக் குறைப்பு இல்லை. எனவே தவணைக்கு நான் கொடுக்கும் உண்மையான கூலி 1,090 ரூபாய். பத்தாயிரத்துக்கு ஆயிரத்துச் சொச்சம், அதாவது 11 சதவீதம்தானே என்று தோன்றும். அங்கேதான் கணக்கு ஏமாற்றும். பத்தாயிரமும் பத்து மாதங்களும் என்னிடம் இருப்பதில்லை. முதல் மாதம் 10,000, இரண்டாம் மாதம் 9,000 என்று குறைந்து கடைசி மாதம் 1,000 மட்டுமே என் கையில் இருக்கும் கடன். சராசரியாக 5,500 ரூபாய்தான். 5,500 ரூபாயைப் பத்து மாதங்கள் வைத்திருக்க 1,090 ரூபாய் என்றால் ஆண்டுக்குச் சுமார் 24 சதவீதம். இன்னும் நுணுக்கமாகப் போட்டால் 26-ஐ நெருங்குகிறது. வட்டியில்லாக் கடனின் வட்டி இது!

இதை ரிசர்வ் வங்கியும் அறிந்தே இருக்கிறது. 2013 செப்டம்பரிலேயே, பூஜ்ய வட்டி என்று சொல்லிவிட்டு அதைக் கட்டணம் என்ற பெயரில் மறைத்து வாங்கும் திட்டங்களை அது கண்டித்தது. 2024 அக்டோபர் 1 முதல், சில்லறைக் கடன் தரும் வங்கியும் நிதி நிறுவனமும் கடனின் முக்கிய விவரங்களைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் எழுதித் தர வேண்டும்; எல்லாக் கட்டணங்களையும் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்பது அதில் இருக்க வேண்டும். நான் அதைக் கேட்டபோது விற்பனையாளர் சற்று வியந்தாலும், தம் கைப்பேசியில் எடுத்துக் காட்டினார். அதில் 13-ஐத் தாண்டிய ஓர் எண் இருந்தது. பரிசீலனைக் கட்டணம் அதில் அடங்கிவிட்டது; கைநழுவிப் போகும் ரொக்கத் தள்ளுபடி அடங்கவில்லை. அதை நாம்தான் கூட்டிக்கொள்ள வேண்டும்.

தவணையும் ஒப்பந்தமும் கைப்பேசிக்குப் புதியவை அல்ல. 2007-இல் அமெரிக்காவில் ஐபோன் வந்தபோதே ஏடி அண்ட் டி நிறுவனத்தோடு இரண்டு ஆண்டு ஒப்பந்தம் போட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. மறு ஆண்டு வந்த ஐபோன் 3ஜி 199 டாலர் என்று விளம்பரம் செய்யப்பட்டது; மீதி விலை இரண்டு ஆண்டு மாதக் கட்டணத்துக்குள் ஒளிந்திருந்தது. நம் நாட்டிலும் 2003-இல் ரிலையன்ஸ் 501 ரூபாய் கொடுத்தால் கைப்பேசி என்று அறிவித்தது. அதற்கும் பின்னால் மாதக் கட்டண ஒப்பந்தம் இருந்தது. 2021 தீபாவளிக்கு வந்த ஜியோபோன் நெக்ஸ்ட் இதற்கு நல்ல பாடம். ரொக்கமாக வாங்கினால் 6,499 ரூபாய். இல்லையென்றால் 1,999 ரூபாயும் பரிசீலனைக் கட்டணம் 501 ரூபாயும் முதலில் கட்டி, மாதம் 300 ரூபாய் வீதம் 24 மாதங்கள் செலுத்தலாம். மொத்தம் 9,700 ரூபாய். வித்தியாசம் 3,201 ரூபாய். மாதத்துக்கு 133 ரூபாய். அதற்கு மாதம் 5 ஜி.பி. இணையமும் 100 நிமிடப் பேச்சும் உண்டு. குறைவாகப் பேசுபவருக்கு அது கட்டுப்படியாகியிருக்கலாம். ஆனால் எவ்வளவு பேசுவோம், எந்த நிறுவனத்தில் பேசுவோம் என்பதை 24 மாதங்களுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுகிறோம். ஒப்பந்தத்தின் உட்பொருள் அதுதான்.

இந்தக் கணக்கை எல்லாம் அப்பாவிடம் காட்டினேன். அவருக்குச் சதவீதக் கணக்கு அவ்வளவாக வராது. ஆனால் 'முன்பணம்' என்ற சொல்லைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்கள் ஊர்த் தறித்தொழிலில் அந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. தறிப்பட்டறைக்காரரிடம் தொழிலாளி முன்பணம் வாங்குவார். அதைத் திருப்பிக் கொடுக்கும் வரை வேறு பட்டறைக்குப் போக முடியாது. பக்கத்துப் பட்டறையில் மீட்டருக்குக் கூலி கூடுதலாக இருந்தாலும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். என் அக்காவின் காதுகுத்துக்காக வாங்கிய 15,000 ரூபாய்க்காக அப்பா நான்கு ஆண்டுகள் ஒரே பட்டறையில் நின்றார். என் கைப்பேசியின் விலையும் அதே 15,000 என்பது தற்செயல்தான். ஆனாலும் எங்கள் இருவருக்கும் அது உறைத்தது.

"கண்ணு, ஆயிரம் ரூபாய் பெருசில்லே. ஆனா எழுதிக் குடுத்துட்டா பத்து மாசத்துக்கு அது உன்ற காசு இல்லே, பாத்துக்க" என்றார்.

அவர் வேறொன்றும் சொல்லவில்லை. முடிவை என்னிடமே விட்டுவிட்டார். நான் எண்ணிப் பார்த்தேன். அந்த 1,000 ரூபாயில்தான் என் தேர்வுக் கட்டணம், ரெக்கார்டு நோட்டு, நகல் எடுக்கும் செலவு எல்லாம் அடங்குகின்றன. தேர்வுக் கட்டணம் கட்டும் மாதத்தில் என்னிடம் ஒரு வழி இருக்கிறது: அந்த மாதம் சேமிப்பை நிறுத்திக்கொள்ளலாம். தவணைக்கு அந்த நிறுத்தம் தெரியாது. ஒரு மாதம் தவறினால் அபராதம். சில கடன்களில் தவணை தவறினால் கைப்பேசியையே பூட்டிவிடும் செயலியை முதலிலேயே ஏற்றிவிடுவதும் உண்டு. கைப்பேசி கையில் இருந்தும் தேர்வு நேரத்தில் பூட்டிக் கிடந்தால் யாரிடம் போய் அழுவது?

தவணை எல்லோருக்கும் தீது என்று நான் சொல்ல வரவில்லை. என் வகுப்புத் தோழி ஒருத்தியின் அண்ணன் வீடுகளுக்கு உணவு கொண்டு சேர்க்கும் வேலை செய்கிறார். அவருடைய கைப்பேசி உடைந்த அன்றே வருமானம் நின்றது. அவர் மறுநாளே தவணையில் ஒன்று வாங்கினார். அவருக்கு 1,000 ரூபாய் கூலி கொடுத்துக் கடன் வாங்குவது, பத்து மாதங்கள் சும்மா இருப்பதைவிட எத்தனையோ மடங்கு மேல். அந்தக் கைப்பேசி தன் கடனைத் தானே உழைத்து அடைத்தது. மாதச் சம்பளம் உறுதியாக உள்ளவருக்கும், கட்டணம் ஏதுமின்றி உண்மையாகவே வட்டியில்லாமல் கிடைத்தால் தவணை நல்லதுதான். காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதை மறக்கக் கூடாது.

அந்த விலையை நாங்களும் கொடுத்தோம். எட்டு மாதங்கள் அம்மா மகளிர் குழுப் பணத்துக்காக வங்கிக் கிளைக்கு நடந்து போனார். போன நாளில் தார் சுற்றும் கூலி போயிற்று. இணையவழிப் பாடங்களை நான் கல்லூரி நூலகக் கணினியில்தான் பார்த்தேன். நாலரை மணிக்கு நூலகம் பூட்டிவிடுவார்கள். ஒரு வினாடி வினாப் போட்டிக்கான அறிவிப்பு எனக்கு ஒருநாள் தாமதமாகத் தெரிந்து, பெயர் கொடுக்க முடியாமல் போயிற்று. இவற்றை எந்தச் சதவீதத்தில் சேர்ப்பது என்று இன்றும் எனக்குத் தெரியாது.

எட்டு மாதங்களில் என் கணக்கில் 8,000 ரூபாய் சேர்ந்தது. அப்பா தீபாவளி போனஸில் 5,000 கொடுத்தார். அதற்குள் அந்தக் கைப்பேசியின் விலை 13,000 ஆகியிருந்தது. அது வெளிவந்து சரியாக ஓராண்டு. மீதி 5 ஆண்டுகள். ஆண்டுக்கு 2,600 ரூபாய். எட்டு மாதங்களுக்கு முன் நான் கணக்கிட்ட 2,650-ஐவிடச் சற்றே குறைவு. கடிகாரம் ஓடி ஆயுள் குறைந்த அளவுக்கு விலையும் இறங்கிச் சரிக்கட்டிவிட்டது. எல்லாக் கைப்பேசிக்கும் இப்படி அமையும் என்று சொல்ல முடியாது. ஆயுள் குறுகிய கைப்பேசியில் எட்டு மாதக் காத்திருப்பு பாதி உயிரைத் தின்றுவிடும். ஆயுள் நீண்டதாக இருந்ததால்தான் எனக்குக் காத்திருக்க இடம் கிடைத்தது.

நண்பர்களே, கைப்பேசி வாங்கப் போகும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து மூன்று கேள்விகளைத் தருகிறேன். ஒன்று: பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்த ஆண்டு, எந்த மாதம் வரை? விலையை அந்த மீதிக் காலத்தால் வகுத்துப் பாருங்கள். இரண்டு: கட்டணம், வரி, கைவிடும் தள்ளுபடி எல்லாம் சேர்த்துத் தவணையின் உண்மைக் கூலி எவ்வளவு? மூன்று: தவணை முடியும் நாள் முந்தியா, புதுப்பிப்பு முடியும் நாள் முந்தியா? புதுப்பிப்புக்கு ஓர் ஆண்டே மீதியுள்ள கைப்பேசிக்குப் பதினெட்டு மாதத் தவணை போடுவது, மாடு செத்த பின்னும் மாட்டுக்கடன் கட்டுவதற்குச் சமம்.

நான் வாங்கிய அன்று கைப்பேசியை முதலில் அம்மாவிடம் கொடுத்தேன். வங்கிச் செயலி திறந்தது. குழுக் கணக்கில் இருந்த தொகையை அவர் வாய்விட்டு இரண்டு முறை படித்தார். மாலையில் அது என் கைக்கு வந்தது. இப்போதும் அது எங்கள் இருவருக்கும் பொதுவான கைப்பேசிதான். மாதம் ஒருமுறை புதுப்பிப்பு வரும்போது, "அடைப்பு வந்துருக்குது, சார்ஜுல போடு" என்று அம்மாதான் எனக்கு நினைவூட்டுகிறார்.